அந்த அறையின் தரை

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் வெல்டிங்கைப் படம் பிடிக்கிற வேலை பார்க்கிறார். ஆசுபத்திரியில் எலும்பை எக்ஸ்ரே எடுப்பதுபோல இவர் இரும்புக் குழாயை எடுப்பார். வெல்டிங்குக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதற்குக் கதிர் வீசுகிற ஒரு சின்னத் துண்டு வேண்டும். சோர்ஸ் என்பார்கள். பயற்றம்பருப்பு அளவுதான் இருக்கும், ஆனால் அதைக் கனத்த பெட்டிக்குள் பூட்டி வைத்து, வேலை நடக்கும்போது சுற்றிலும் கயிறு கட்டி, ஆள் வராமல் காவல் நிற்பார்கள் என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்னபோது எனக்கு அது கதை மாதிரி இருந்தது. எங்கள் கடற்கரையிலிருந்து இந்த வேலைக்குப் போனவர்கள் பலர். சட்டைப்பையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு போவார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அந்த பேட்ஜ் கணக்கு வைத்துக்கொள்ளுமாம்.

ஒரு தடவை அங்கே சோர்ஸ் பெட்டிக்குள் திரும்பாமல் குழாயிலேயே சிக்கிக்கொண்டது. கம்பெனி மீட்டர் வேறு அன்றைக்குப் பழுது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கம்பெனி மீட்டரை அவர் நம்பவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி எப்போதும் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மீட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மே மாதத்தில். பிப்ரவரியில் அவர் சின்ன லீவில் வந்து போனபோது அதை வாங்கியிருக்கவில்லை. இப்போது நான் இரண்டாவது பிள்ளைக்கு மூன்று மாதம். வாந்தியும் வெயிலுமாகக் கிடந்தேன். எங்கள் வீடு இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடலுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. மாமனார் கட்டிய வீடு. அவர் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் மாமியாரும் நானும் மகளும்தான். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

லீவுக்கு வந்த அவர் பெட்டியைப் பிரித்தபோது சாக்லேட் டப்பாவுக்கும் சோப்புகளுக்கும் நடுவில் இருந்து மகள் அதை எடுத்தாள்.

"அப்பா, இது போனா?"

"போன் இல்ல மக்கா. இது சத்தம் போடும், கேட்டியா. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி வந்து முட்டினா டிக்குன்னு சொல்லும்."

சுவிட்சைப் போட்டுக் கையில் கொடுத்தார். ஹாலில் அது டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். மகளுக்கு ஒரே சந்தோஷம். அதைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். சோபாவில் வைத்தாள், பிரிட்ஜின் மேல் வைத்தாள், மாமியின் தலையில் வைத்துச் சிரித்தாள். பிறகு வடக்கு அறைக்குள் போனாள். நாங்கள் படுக்கிற அறை. ஏசி இருப்பது அங்கே மட்டும்தான். அங்கே அவள் அதைத் தரையில் வைத்திருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியதுபோல ஒரு சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது.

அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"குடு மக்கா. நீ அம்மாட்ட போ."

நானும் வாசலில் போய் நின்றேன். அவர் மீட்டரைத் தரையில் ஒவ்வொரு மூலையாக வைத்துப் பார்த்தார். சுவரில் வைத்தார். கட்டிலின் மேல் வைத்தார். மறுபடியும் தரையில் வைத்தார். சாதாரணமாக அவர் ஒரு இடத்தில் நின்று வேலை பார்க்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் குந்தவைத்து உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

மத்தியானம் நெத்திலிக் குழம்பு. அவருக்காகத்தான் மாமி வைத்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு தனியாகவே கட்டிலைப் பிரித்து ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"இந்த வெயில்ல ஏசியை விட்டுட்டு எதுக்குக் கட்டிலை இங்க கொண்டு வாறிய?"

"காத்து வரட்டும்னுதான்."

கதிரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் பயந்தால் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். வருசக்கணக்காக அதோடு வேலை செய்கிறவர், பயமே இல்லாமல் அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்படி வாயை மூடிக்கொண்டு கட்டிலை இழுத்தால் என்ன செய்வது? கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இப்போ சொல்லுங்க."

"சைட்ல நாங்க கயிறு கட்டுவோம்லா? கயித்துக்கு இந்தப் பக்கம் யாரும் நிக்கலாம், அந்தப் பக்கம் போவாண்டாம்னு. அந்தக் கயித்துக்கிட்ட நின்னா மீட்டர் என்ன காட்டுமோ, ஏறக்குறைய அதுதான் நம்ம தரையில காட்டுது."

"அங்க நீங்க எவ்வளவு நேரம் நிப்பிய?"

"வேலை முடியுத வரைக்கும். கொஞ்ச நேரம்."

நான் அந்தத் தரையில் எவ்வளவு நேரம் கிடந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மசக்கையில் கட்டில் சூடாக இருக்கிறது என்று நான் தினமும் அந்த டைல்ஸில்தான் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து படுத்திருந்தேன். கொஞ்சம் பெரிதானால் அப்படிப் படுக்க முடியாது, இப்போதே படுத்துக்கொள்வோம் என்று. என் கை தானாக வயிற்றுக்குப் போனது. அதை அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமி அடுக்களைச் சன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"எந்தக் கயிறு, லேய்? என்ன பேசுதிய ரெண்டு பேரும்?"

அவர் முதலில் மழுப்பினார். மாமி விடவில்லை. தரைக்கு அடியில் போட்ட மண்ணில் கதிர் இருக்கிறது, நம் கடற்கரையில் கிடக்கிற கறுப்பு மணலில் இயற்கையாகவே உள்ளது, யாரும் கொண்டு வந்து போட்டதல்ல என்று அவர் விளக்கினார். மாமி சிரித்தார்.

"இதுக்கா இந்தப் பாடு? அது ஒங்க அப்பா தலைச்சுமடாச் சுமந்து நெறச்ச மண்ணு. கறுப்பு மண்ணு கனமா இருக்கும், நல்லா இறுகிக் கிடக்கும்னு எல்லாரும்தான் போட்டாங்க. இந்தத் தெருவில எந்த வீட்டுக்குக் கீழ வேற மண்ணு கிடக்கு? அதுல படுத்தா என்ன வருமாம்?"

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். களைப்பில் இருந்தார், பயத்தில் இருந்தார். "ரெம்ப நாள் பட்டா ரத்தத்தில…" என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். நான் பார்த்ததில்லை. நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது ரத்தப் புற்றுநோய் வந்து, திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்குமாக ஒரு வருசத்துக்கு மேல் அலைந்து, வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். வடக்கு அறை அவளுடைய அறைதான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கென்று இருந்த அறை. நோய் முற்றின பிறகு காய்ச்சல் அடித்தால் தரைதான் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பாயை விரிக்கச் சொல்வாளாம். மாமி பாயை விரித்துப் பக்கத்தில் தானும் படுத்துக்கொள்வாராம். இதெல்லாம் கல்யாணமாகி வந்த புதிதில் மாமி என்னிடம் சொன்னது.

மாமி அடுக்களையை விட்டு, ஹாலைத் தாண்டி, வடக்கு அறைக்குள் போனார். கட்டில் இல்லாமல் அறை வெறிச்சென்று கிடந்தது. நடுத் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை டைல்ஸில் வைத்தார், அடுப்பில் கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

"அவளுக்கும் இதனாலயா மக்கா?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா."

"அப்போ இல்லன்னு சொல்லு."

அம்மாவிடம் அவர் பொய் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், சின்னச் சின்னப் பொய்கள், கைச்செலவு, உடம்பு என்று. அன்றைக்கு ஒரு பொய் கூட அவர் வாயில் வரவில்லை.

அன்றிலிருந்து மாமி அந்த அறையில்தான் படுத்தார். தரையில், பாய் கூட இல்லாமல். பகலிலும் வேலை முடிந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார்.

"எனக்கு வரல்லியே," என்பார் மாமி. "நானும் இதே தரையிலதானே கிடந்தேன். அவ பக்கத்தில அவ்வளவு காலமும் கிடந்தேன். எனக்கு ஏன் வரல்ல?"



நான் மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டாரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்தான் போகச் சொன்னார். போகிற வழியில் நாகர்கோவிலில் என்னைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். விசயத்தைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். ஸ்கேன் செய்தார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். இதற்கு முன் மகள் வயிற்றில் இருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு, குதிரை ஓடுவதுபோல இருக்கிறது என்று சிரித்திருக்கிறேன். இப்போது வேறு சத்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"பிள்ளை நல்லா இருக்கு," என்றார். "உங்க கரையில எத்தனை தலைமுறையா பிள்ளை பெத்து வளத்திருக்காங்க. இப்போ உனக்கு ஆகாதது இந்தப் பயம்தான்."

"அப்போ திரும்ப அந்த வீட்டுக்குப் போலாமா டாக்டர்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "வேற இடம் இருந்தா, இருந்துக்கோ," என்றார்.

அந்த ஒரு நொடித் தயக்கத்தை நான் கொட்டாரம் வரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

அம்மா வீடு வயல் பக்கத்து வீடு. கடல் மணல் இல்லை, ஆற்று மணலில் கட்டியது. இவரைப் பிடிவாதமாக மீட்டரைக் கொண்டுவரச் சொன்னேன். வந்து வைத்துப் பார்த்தார். இங்கேயும் டிக் என்றது. மெதுவாக, விட்டுவிட்டு. வாசல்படிக் கல்லில் கொஞ்சம் கூடுதலாக.

"இங்கயும் இருக்கே!" என்று கத்திவிட்டேன்.

"எங்கயும் இருக்கும் ஏட்டி. கல்லுல இருக்கும், செங்கல்லுல இருக்கும், சிமெண்டுல இருக்கும். மலையில இருந்து வந்த எல்லாத்திலயும் கொஞ்சம் இருக்கும். மீட்டர் சும்மா இருக்குத இடமே உலகத்துல கிடையாது. இது சாதாரணம். நம்ம அறை சாதாரணம் இல்ல."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது வேறு விதமாக உறைத்தது. அதுவரை என் பயத்துக்கு நாலு சுவர் இருந்தது. அதன் பிறகு எதைத் தொட்டாலும் சந்தேகம். அம்மிக்கல்லைத் தொடப் பயந்தேன். படியில் உட்காரவில்லை. சுவரில் பல்லி சத்தம் போட்டால் மீட்டர்தான் என்று எழுந்து நிற்பேன். மகள் முற்றத்தில் மண் அள்ளி விளையாடினால் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டுக் குழாயடியில் கழுவுவேன். அவள் அழுவாள். "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்பாள். ஒரு நாள் அம்மா என் கையிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இதற்கிடையில் அவர் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரைக் கண்டுபிடித்தார். சின்ன மீட்டரை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பேராசிரியர் பெரிய கருவிகளோடு வந்தார். நானும் கொட்டாரத்திலிருந்து போயிருந்தேன். ஆனால் உள்ளே போகாமல் முன்வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் ஒவ்வொரு அறையாக அளந்தார். வடக்கு அறையில் ஒரு கருவியை வைத்துவிட்டுப் பிறகு ஒரு நாள் வந்து எடுத்துப் போனார், காற்றை அளப்பதற்கு.

முடிவு சொல்ல வந்தபோது மாமியும் வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்.

"உங்க பையன் மீட்டர் தப்பு சொல்லல்ல," என்றார் பேராசிரியர். "சுவர்ல கொஞ்சம்தான். பூச்சுல கடல் மணல் கலந்திருக்கு. தரைக்கு அடியில கிடக்கிறதுதான் முக்கியம். மத்த அறையைவிட அந்த அறையில நல்ல கனமான மணலா விழுந்திருக்கு. அதுல தோரியம்னு ஒண்ணு இருக்கு. அதுல இருந்து வாயுவும் வரும். சன்னலை அடைச்சு ஏசி போட்டா அந்த வாயு வெளிய போகாது. முடிஞ்சா மணலை அள்ளிட்டு வேற மண் போடுங்க. முடியாட்டா சன்னலை எப்பவும் திறந்து வையுங்க. உடனே ஓடிப் போற ஆபத்து இல்ல. ஆனா கைக்குழந்தையை வருசக்கணக்கா அதுல போட்டு வளக்க வேண்டாம்."

மாமி அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை.

"சாரே, எனக்க மவ அந்த அறையில கிடந்து செத்தா. இதனாலயா?"

பேராசிரியர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, இந்த மாதிரி இடத்தில வாழுறவங்களுக்கு நோய் கூடுதலா வருதா இல்லையான்னு படிச்சவங்களே ஒரே பேச்சா பேசல்ல. அதுலயும் ஒருத்தருக்கு வந்த நோய் எதனால வந்ததுன்னு எந்த மிசினும் சொல்லாது. கடலே பாக்காத ஊர்லயும் அந்த நோய் வருது. இதனால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கு ஆறுதலுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய்யாவது சொல்லியிருக்கலாம் சாரே," என்றார் மாமி.

பேராசிரியரின் கார் வந்து போனதில் தெருவுக்கு விசயம் பரவிவிட்டது. கோயில் முற்றத்தில் ஒரு பெரியவர் இவரைப் பிடித்து நிறுத்தி, "ஊருப் பேரைக் கெடுக்காத மக்கா. நாளைக்கு நம்ம பொம்பளப் பிள்ளைகள எவன் கெட்டுவான்?" என்று கேட்டாராம். வேறு சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் நேராக வந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருசன் தங்கல் வள்ளத்துக்குப் போகிறவர், போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்.

"எங்க வீட்டிலயும் ஒருக்கா வச்சுப் பாரு மக்கா. பிள்ளைகள் எந்த அறையில படுக்கலாம்னு தெரிஞ்சா போதும்."

அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். கொட்டாரத்திலிருந்து அடிக்கடி வந்து வேப்பமரத்தடியில்தான் இருப்பேன், அன்றைக்கும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் போய் கதவைத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்றினார். சுவிட்சைப் போடுவதற்குள் அவள் திரும்பி நின்று வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"வேண்டாம்."

"என்னக்கா?"

"வேண்டாம் மக்கா. பாக்காண்டாம். நீ சொல்லிட்டு லீவு முடிஞ்சு போயிருவ. நாங்க இதுக்குள்ளதானே கிடக்கணும்? தரையைத் தோண்டிப் போட எனக்கு ஆரு இருக்கா? தெரியாம இருந்தா ஒறக்கமாவது வரும்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அவள் அப்புறமும் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சின்ன மகன் அவள் காலுக்கு நடுவில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். அவனை உள்ளே தள்ளுவதா வெளியே இழுப்பதா என்று தெரியாதவள்போல அவன் தலையில் கையை வைத்திருந்தாள்.

தரையை உடைப்பது என்று இவர் முடிவு செய்தார். லீவை நீட்டிக்கொண்டார். கொத்தனாரிடம் பேசி, ஆட்களுக்கு மாஸ்க் வாங்கி, தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் அள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. மாமி அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆட்கள் காலையிலேயே வந்து கடப்பாரையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் உள்ளே போய்ப் பேசினார், வெளியே வந்தார், மறுபடியும் போனார். மாமி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அவ கிடந்த இடத்தை ஒடைக்காண்டாம். ஒங்களுக்குப் பயமா இருந்தா வேற வீடு பாத்துப் போங்க. நான் இங்கயே கிடந்து சாவேன். எனக்கும் வரட்டும்."

அவர் வெளியே வந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா வியர்வையா என்று தெரியவில்லை. "இன்னைக்கு அனுப்பிருவோம்," என்றார் ஆட்களைக் காட்டி.

நான் என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதுவது கஷ்டம். நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. வாரக்கணக்காக அந்த வாசல்படியைத் தாண்டாதவள், மரத்தடியை விட்டு எழுந்து, வராந்தாவைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, அந்த அறைக்குள் போனேன். கால் அந்த டைல்ஸில் பட்டதும் உள்ளங்கால் வழியாக ஏதோ ஏறுவதுபோல உடம்பு கூசியது. அப்படி ஒன்றும் ஏறாது, அதற்கு உணர்ச்சியே கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பல் கிட்டியது. மாமியின் பக்கத்தில் போய்ச் சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்தேன்.

மாமி பதறிப்போனார்.

"ஏட்டி! எந்திரி! வயித்தில பிள்ளைய வச்சுக்கிட்டு இங்க எதுக்கு வந்த?"

"நீங்க எந்திரிச்சா நான் எந்திரிப்பேன் மாமி."

"ஒனக்குப் பைத்தியமா? எந்திரிட்டி, எந்திரி!"

"நீங்களும் ஒங்க மக பக்கத்தில இருந்திய. நான் ஒங்க பக்கத்தில இருக்கேன்."

வீரத்தில் பேசவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர் எழுந்திருக்காவிட்டால் நான் அலறிக்கொண்டு ஓடியிருப்பேன். வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடியிருந்தேன், கை எதைத் தடுக்கும் என்று தெரியாமல். மாமி என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு முட்டியில் கை ஊன்றி எழுந்து, என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடி வரைக்கும் விடவில்லை. அங்கே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். மகள் செத்த அன்றைக்குக்கூட அம்மா அப்படி அழவில்லை என்று இவர் பிறகு சொன்னார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

டைல்ஸ், அதற்குக் கீழே பழைய சிவப்பு சிமெண்ட் தரை, அதற்கும் கீழே மணல். கொத்தனார் ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து வெயிலில் காட்டினார். கறுகறுவென்று, இடையில் குங்குமம் தூவியதுபோல மினுங்கியது. அவ்வளவு அழகான மணல். நான் இரண்டடி பின்னால் போனேன். மாமி போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

அள்ளிய மணலை எங்கே கொண்டு போடுவது என்பது அடுத்த சிக்கல். எந்தத் தோப்புக்காரரும் சம்மதிக்கவில்லை. பேராசிரியரிடம் கேட்டார் இவர். எடுத்த இடத்திலேயே போடுங்கள், அங்கே அது ஏற்கெனவே கிடக்கிறதுதானே, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான் பிரச்சனை என்றார் அவர். டெம்போவில் ஏற்றி அலை அடிக்கிற இடத்தில் கொண்டு தட்டினார்கள். அறைக்கு உள்நாட்டிலிருந்து செம்மண் வந்தது. புதுத் தரை போட்டுக் காய்ந்த பிறகு இவர் மீட்டரை வைத்தார். நான் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்தேன். ஒரு டிக். நெடுநேரம் கழித்து இன்னொன்று.

லீவு முடிந்து அவர் போன பிறகு பிள்ளை பிறந்தது. நாகர்கோவில் ஆசுபத்திரியில். மயக்கமும் வலியுமாக இருந்தபோதே, "நல்லா இருக்கா? நல்லா இருக்கா?" என்று கேட்டேனாம். நர்ஸ் நான் வேறு எதையோ கேட்கிறேன் என்று நினைத்து, "ஆம்பிளப் பிள்ளைம்மா," என்றாள். அது வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் கேட்டேன். அவள் பிள்ளையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தான்.

பயம் அதோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். போன மழைக்காலத்தில் மகளைக் குளிப்பாட்டும்போது மாமி என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலைக் கேட்டதுமே ஓடினேன். மகளின் முழங்காலுக்குக் கீழே நீலமாக இரண்டு மூன்று தடிப்புகள். மாமி சோப்புக் கையோடு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு மொதல்ல இப்படித்தான் வந்துது," என்றார்.

மகளுக்கு அவசரமாகத் துணி மாற்றி, கைக்குழந்தையை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து நாகர்கோவிலுக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை அந்த லேபின் பெஞ்சில் நானும் மாமியும் உட்கார்ந்திருந்தோம். எப்போது என்று தெரியாது, மாமியின் கை என் கைக்குள் இருந்தது. அது சில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். மகள் காலை ஆட்டிக்கொண்டு, ஊசி போட்ட இடத்துப் பஞ்சைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். பிள்ளையிடம், "எங்க முட்டிக்கிட்ட?" என்று கேட்டார். சைக்கிளில் இருந்து விழுந்தேன், அம்மா அடிப்பாள் என்று சொல்லவில்லை என்றாள் மகள்.

திரும்பி வருகிற பஸ்சில் கூட்டம் இல்லை. மகள் முன் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இனி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஓடுவோமா ஏட்டி?" என்று கேட்டார் மாமி.

"ஓடுவோம் மாமி."

"என்னையும் கூட்டிட்டுப் போ. தனியாப் போவாத."

சரி என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பஸ் வளைவுகளில் திரும்பும்போது அவர் தலை சரியாமல் நான் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன்.